ஷட்டருக்கு உள்ளே மூன்று பேர்

டமார்!

தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். மேலே சுருண்டு கிடந்த இரும்பு ஷட்டர், ஸ்பிரிங் அறுந்து ஒரே மூச்சில் தரைக்கு வந்துவிட்டது. பட்டறைக்குள் இருந்த வெளிச்சத்தை யாரோ வாரிச் சுருட்டிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"ஐயையோ, மேடம்! மேடம்!" வெளியே நின்ற அண்ணன் தகரத்தை இரண்டு கையாலும் அடித்தான். "மேடத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

மேடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்ப் கம்பெனியிலிருந்து வந்து வாசற்படியில் கால் வைத்த பரிசோதகரைப் பட்டறைக்காரரின் மகள் சின்னவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். அந்த அம்மாளின் தோள்பை மட்டும் பின்தங்கியது. சின்னவள் அதைப் பிடுங்கப் போனாள். பை உள்ளே வந்துவிட்டது. அவளுடைய வலது கை, வந்து விழுந்த ஷட்டருக்கும் வாசலோரம் கிடந்த இரும்புப் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கித்தான் வந்தது.

நடுவிரலிலும் அடுத்த விரலிலும் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. அதைவிட, இரண்டு விரலும் மடங்க மறுத்தன.

லேத் மெஷின் பக்கம் நின்ற அப்பா ஓடி வந்தார். "பாப்பா! எங்க காட்டு, கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். அவள் குரலே அவளுக்குத் துணை நிற்கவில்லை.

"அடியே அரை நூல், உனக்கு ஏதாவது ஆச்சா?" வெளியிலிருந்து அண்ணன். சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்பதால் அவள் அவனுக்கு அரை நூல்.

"விரல் நசுங்கிடுச்சு."

"எந்தக் கை?"

"வலது."

"அப்பாடா, அப்பா கை இல்லையே! இரு, வெல்டரைக் கூட்டிட்டு வர்றேன்." செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

அந்த 'அப்பாடா'வில் சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தப் பட்டறையில் எந்தக் கை எந்த வேலையைச் செய்கிறது என்று அண்ணனுக்கு இன்னும் தெரியாது.

தெரிந்தது இரண்டே பேருக்கு. அப்பாவுக்கும் அவளுக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வெளியூரில் அளவுக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் சின்னவளுக்கு வேலை கிடைத்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, லேத் முன்னால் நின்ற அப்பாவின் கையிலிருந்து அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் நழுவி விழுந்தது. முப்பது வருடத்தில் அவர் கீழே போட்ட முதல் சாமான் அது. விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"வெளிய சொல்லிடாதே பாப்பா" என்றார் அன்று. "கை நடுங்குற லேத் டர்னருக்கு எவன் வேலை குடுப்பான்? உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே. அவன் வாயில கடுகு கூட ஊறாது."

சொல்லவில்லை. போகவும் இல்லை. அன்றிலிருந்து முரட்டு வெட்டு அப்பாவுடையது, கடைசி வெட்டு அவளுடையது. தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு வருமே, அதற்கு மைக்ரான் என்ற அளவில் கணக்கு சொல்கிற நுணுக்கமான வேலை அது. அண்ணன் வெளிவேலையைப் பார்த்துக்கொண்டான். அப்பா அவனுக்கும் தொழில் கற்றுக் கொடுத்தார்தான். தொழில் அவனுக்கு வாயில் ஏறியது, கையில் ஏறவில்லை. ஊரெல்லாம் போய் "எங்க அப்பா, மைக்ரான் மேஸ்திரி" என்று அவன் மார்தட்டுவதெல்லாம் தங்கையின் வேலைக்குத்தான். அது அவனுக்கே தெரியாது.

பத்து நாளைக்கு முன்னால் அதே தொழிற்சாலையிலிருந்து மறுபடியும் கடிதம். வருகிறாயா, இல்லையா? இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

"இந்த பம்ப் ஆர்டர் மட்டும் கிடைக்கட்டும், ரெண்டு நல்ல டர்னரைச் சேர்த்துடறேன்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். "அப்புறம் நீ தாராளமா பற."

மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக மருந்தை அளந்து விடுகிற சின்ன பம்ப். அதற்குள் ஓடுகிற எஃகுத் தண்டுதான் வேலை. போன மாதம் அனுப்பிய மாதிரித் தண்டு கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. செய்கிற கையை நேரில் பார்க்கத்தான் இன்று பரிசோதகர் வந்திருக்கிறார்.

அதற்கும் அப்பாவும் மகளும் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். லேத்துக்கு முன்னால் அப்பா நிற்பார். உதவிக்கு நிற்பது போல அவர் தோளை ஒட்டி அவள் நிற்பாள். கடைசி வெட்டில் கத்தியை நகர்த்துகிற சக்கரத்தைத் திருப்புவது அவள் கையாக இருக்கும். ஒரு வாரம் ஒத்திகை கூடப் பார்த்தாயிற்று.

இப்போது அந்தக் கையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

பரிசோதகர் தன் பையிலிருந்து மருந்துப் பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் எடுத்தார். ஐம்பதைத் தாண்டியவர், குண்டு. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"முப்பது வருஷமா பட்டறை பட்டறையா ஏறி இறங்குறேன். பஞ்சு இல்லாம நான் கிளம்புறதே இல்லை" என்றபடி இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டினார். "எனக்கு விழ வேண்டிய அடியை நீ வாங்கிட்டே. அம்மா அப்பா நல்லா வளர்த்திருக்காங்க."

"பின்கதவு இருக்குதானே?" என்று கேட்டார் அடுத்தபடியாக.

இருந்தது. அதன் குறுக்கே இரும்புக் கம்பி அடுக்கி வைக்கிற ஆள் உயர ஸ்டாண்டு நின்றது. இடம் பற்றாமல் போன வருடம் அப்பாதான் அங்கே நகர்த்தினார். அதை அசைக்க நாலு ஆள் வேண்டும். இருந்த ஒரே ஜன்னலில் புகைபோக்கி விசிறி உட்கார்ந்துகொண்டிருந்தது. பூனை கூட நுழைய முடியாது.

"அப்ப நாம மூணு பேரும் ஜெயில்லதான்." பரிசோதகர் ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தார். "கரண்ட் இருக்கா?"

அப்பா சுவிட்சைப் போட்டார். லேத்தின் தலைமேல் விளக்கு எரிந்தது.

"இருக்கு" என்றார். உடனே, "ஆனா மேடம், பிள்ளை கையில ரத்தத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு சரியில்லை. இன்னொரு நாள் வச்சுக்கலாமா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம் அப்பா, எப்படியோ தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

"வச்சுக்கலாம்" என்றார் பரிசோதகர். "என்னோட அடுத்த சுத்து ஆறு மாசம் கழிச்சு. அதுக்குள்ள ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடும். அதை மட்டும் சொல்லிட்டேன்."

ஆறு மாதம். மாலை ஐந்து மணி எங்கே, ஆறு மாதம் எங்கே! சின்னவளுக்கு அந்த நான்கு சுவரும் ஓர் அடி உள்ளே நகர்ந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பரிசோதகர். "அடிபட்டது பொண்ணோட கை. வேலை செய்யப் போறது உங்க கை. இதுல என்ன கஷ்டம்?"

அப்பா லேத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சின்னவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா, இடது கையால நான் சக்கரத்தைப் பிடிக்கிறேன்" என்றாள், காதோடு காதாக. "மெதுவா பண்ணினா வரும்."

"வராது."

"வேற வழியில்லைப்பா. ஆர்டர் போச்சுன்னா நான்..." மீதியை விழுங்கிக்கொண்டாள்.

அப்பா அவளையே பார்த்தார். அவளுக்குப் பழக்கமில்லாத பார்வை அது. திருடன் வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி ஒரு கணம் இருந்தது. உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"தள்ளி நில்லு பாப்பா."

"அப்பா..."

"தள்ளி நில்லுன்னேன்ல?"

பரிசோதகர் பையிலிருந்து இரண்டு சாமான் எடுத்தார். ஒன்று, விரல் நீளத்தில் எஃகுக் குழல், உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்னொன்று, வெட்டாத கம்பித் துண்டு. "குழல் எங்களுது. தண்டு உங்களுது. தண்டைக் குழலுக்குள்ள விடுவேன். பொத்துன்னு விழுந்தா தோல்வி. சிக்கிக்கிட்டாலும் தோல்வி. தானா நழுவி இறங்கணும். மருந்து போற வேகத்துல."

அப்பா குழலின் உள்வாயை அளந்தார். கம்பியை மாட்டி இறுக்கினார். மெஷின் ஓடத் தொடங்கியது.

ஷட்டர் மறுபடி படபடத்தது. "வெல்டர் வந்துட்டாரு!" அண்ணன் கத்தினான். "ஷட்டரை வெட்டணும்னு சொல்றாரு! மேடம், பயப்படாதீங்க!"

"நான் பயப்படலை தம்பி! ஒரு அரை மணி நேரம் வெட்டாம இருங்க! உள்ள வேலை நடக்குது!"

"வேலையா? அப்பா ஆரம்பிச்சுட்டாரா? அடிச்சு நொறுக்குங்கப்பா!"

"நொறுக்குறதுக்கு இது என்ன தேங்காயா?" என்று அப்பா முணுமுணுத்தார். பரிசோதகர் வாய்விட்டுச் சிரித்தார். சின்னவளுக்குச் சிரிக்க வரவில்லை.

முரட்டு வெட்டு போயிற்று. நீலம் பாய்ந்த சுருள்கள் கீழே தட்டில் விழுந்தன. ஒவ்வொரு முறை மைக்ரோமீட்டரை எடுக்கும்போதும் அப்பாவின் விரல்கள் நடுங்கின. வழக்கமான நடுக்கம்தான். பரிசோதகரின் கண் அந்த விரல்களிலேயே இருப்பதைச் சின்னவள் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தாள். மூன்று வருடம் மூடி வைத்த குட்டு இந்த அடைத்த பட்டறைக்குள்ளேயே உடையப் போகிறது. மேஸ்திரி என்ற பெயரும் போகும், ஆர்டரும் போகும். அப்புறம் தலைகுனிந்து நிற்கிற அப்பாவை விட்டுவிட்டு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது?

கடைசி வெட்டு.

அப்பா கத்தியை மாற்றினார். வெட்டின் ஆழத்தைக் காட்டுகிற டயலைத் திருப்பினார். சின்னவளின் கண் தன்னையறியாமல் டயலில் போய் உட்கார்ந்தது. அவள் மனதுக்குள் போட்டு வைத்த கணக்கைவிட இரண்டு கோடு தள்ளிப் போயிருந்தது.

இரண்டு கோடு என்பது வெளியாளுக்கு ஒன்றுமில்லை. இங்கே அது மரண அடி. தண்டு இளைத்துவிடும். குழலுக்குள் பொத்தென்று விழும்.

சொல்லலாமா? சொன்னால், மேஸ்திரிக்கு மகள் வழிகாட்டுகிறாள் என்று ஆகிவிடும். கட்டுப்போட்ட கையை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

அப்பா சக்கரத்தில் கை வைத்தார். வைத்தவர் திருப்பவில்லை. ஓடுகிற தண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

கெட்டுப்போகிறது என்று தெரிந்தே ஒரு சாமானில் கத்தியை வைக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஆனால் அது அவருக்கு வாய்க்கவில்லை.

சட்டென்று டயலை ஒரு முழுச் சுற்று பின்னால் கொண்டுபோனார். நிறுத்தி, மறுபடி முன்னால் கொண்டுவந்தார். திருகில் இருக்கிற தளர்ச்சி அளவை ஏமாற்றாமல் இருக்க, தொழில் தெரிந்தவன் அப்படித்தான் வருவான். இந்த முறை கோட்டின் மேலேயே நிறுத்தினார். மயிரிழை கூட முன்னே பின்னே இல்லை.

பிறகு சக்கரம் திரும்பியது.

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு நடக்கிறவன் மாதிரி, அந்தக் கை ஒரே சீராகப் போயிற்று. எங்கேயும் தயங்கவில்லை. எங்கேயும் துள்ளவில்லை.

மெஷினை நிறுத்தினார். உப்புத்தாளால் இரண்டே தடவை நீவினார். எண்ணெய் தொட்டுத் துடைத்து, தண்டைப் பரிசோதகரிடம் நீட்டினார்.

பரிசோதகர் குழலின் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அடைத்து, தண்டை மேலே விட்டார். அது நுழைந்தது, உள்ளே இருந்த காற்றின் மேல் உட்கார்ந்து அப்படியே நின்றது. விரலை எடுத்தார். தண்டு மெல்ல, மிக மெல்ல இறங்கத் தொடங்கியது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"அடேங்கப்பா" என்றார் பரிசோதகர்.

"என்னாச்சு? என்னாச்சு?" ஷட்டர் கேட்டது.

"பாஸ்!"

வெளியே அண்ணன் கைதட்டினான். வெல்டரும் சேர்ந்து தட்டினார் போலிருக்கிறது, எதற்கென்று தெரியாமலே.

சின்னவள் கைதட்டவில்லை. அவள் கண் அப்பாவின் கையை விட்டு நகரவில்லை.

பரிசோதகர் உடனே எழுந்துவிடவில்லை. பையைத் துழாவி இன்னொரு தண்டை எடுத்தார், போன மாதம் அனுப்பியது. இரண்டையும் விளக்குக்கு அடியில் வைத்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து, இதைக் கொஞ்ச நேரம், அதைக் கொஞ்ச நேரம் என்று பார்த்தார்.

"ஐயா, ரெண்டுமே தங்கம்" என்றார். "ஆனா ரெண்டும் ஒரே கை இல்லையே?"

அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதைப் பாருங்க. போன மாசத் தண்டுல ஓரம் வரும்போது வரி நெருங்கி நெருங்கி வருது. அந்த ஆள் கடைசியில வேகத்தைக் குறைக்கிற ஆள். பயந்த சுபாவம், இல்லைன்னா ரொம்பப் பொறுப்பு. இது அப்படி இல்லை. ஒரே சீரா போய் டக்குன்னு நிக்குது. கையெழுத்து மாதிரிதான் இதெல்லாம். என்கிட்ட மறைக்க முடியாது."

பரிசோதகரின் பார்வை அப்பாவிடமிருந்து மெதுவாக நகர்ந்து, கட்டுப்போட்ட விரல்களில் வந்து நின்றது.

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "நான் போலீஸ் இல்லை. எனக்கு ரெண்டு கையும் சம்மதம். ஆனா 'பொறுப்பு டர்னர்'னு இதுல ஒரே ஒரு பேர்தான் எழுத முடியும். பேர் இருக்கிற ஆள் ரெண்டு வருஷம் இந்தப் பட்டறையை விட்டு நகரக் கூடாது. அது எங்க நிபந்தனை. நகர்ந்தா ஆர்டர் ரத்து. உங்க பையன் உங்க பேரை எழுதியிருக்காரு. அதை வச்சுக்கலாமா, மாத்தணுமா? நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. சாயங்காலம் கிளம்புறதுக்குள்ள எனக்குச் சொன்னா போதும்."

எழுந்து ஷட்டர் பக்கம் போனார். "தம்பி, இப்ப வெட்டலாம்! எனக்குத் தொண்டை வறண்டு போச்சு! ஒரு டீக்கு ஏற்பாடு பண்ணுங்க!"

"ரெடியா இருக்கு மேடம்! உள்ள குடுக்கத்தான் வழியில்லை!"

வெட்டுகிற சத்தம் தொடங்கியது. தகரத்தின் ஓரத்தில் நெருப்புப் பொறி பூவாகச் சிதறியது.

லேத்தின் பக்கம் அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள். அப்பா சக்கரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவர் விரல்கள் நடுங்கவே இல்லை. நடுங்க வைக்க வேண்டும் என்ற நினைப்புகூட அவருக்கு இப்போது இல்லை போலிருந்தது.

சின்னவளுக்குள் மூன்று வருடம் வரிசையாகப் புரண்டது. அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்ட காலைகள். தண்ணீர்க் குவளையை அவர் இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட வேளைகள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேரிடம், "அப்பாவைத் தனியா விட முடியாது" என்று சொல்லி அனுப்பியது. போகலாம் என்று மனதுக்குள் ஒரு குரல் எழும்போதெல்லாம், 'சீ, நீயெல்லாம் ஒரு மகளா' என்று தன்னையே தான் அறைந்துகொண்டது.

"கடைசி வெட்டுல கை நடுங்கலையேப்பா" என்றாள்.

அப்பா நிமிரவில்லை.

"ரெண்டு கோடு வேணும்னேதான் தள்ளி வச்சீங்க. ஆர்டர் போச்சுன்னா நான் போக மாட்டேன்னு கெடுத்துடப் பார்த்தீங்க. முடியலை. அப்படித்தானே?"

"பாப்பா, மெதுவா பேசு."

"யாருக்குக் கேக்கப் போகுது? அவங்களுக்கா? அவங்க பூதக்கண்ணாடி வச்சே எல்லாத்தையும் படிச்சுட்டாங்க. படிக்கத் தெரியாம மூணு வருஷம் பக்கத்துலயே நின்னவ நான்தான்." குரல் உடையப் பார்த்தது. உடையாமல் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் குடுத்த மாத்திரை கேக்கலைன்னு சொன்னீங்களே. மழை நாள்ல கூடுதலா நடுங்குதுன்னு சொன்னீங்களே. எல்லாமே பொய்யா?"

"எல்லாமே பொய் இல்லை." அப்பா துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "ஆரம்பத்துல நெஜமாவே நடுங்குச்சு. சத்தியமா. மைக்ரோமீட்டர் விழுந்தது நெஜம்."

"எத்தனை நாள்?"

ஷட்டரின் ஒரு மூலை அறுந்து மடங்கியது. பலகை அகலத்துக்கு வெயில் தரையில் வந்து விழுந்தது. "அரை நூல், நீ முதல்ல வாடி! இந்தச் சந்துல உன்னாலதான் நுழைய முடியும்!" அண்ணன் அந்த வழியாகக் கையை நீட்டி ஆட்டினான்.

அவள் அசையவில்லை. "எத்தனை நாள்பா நடுங்குச்சு? சொல்லுங்க."

அப்பா முதல் முறையாகத் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"மொத்தமே ஒன்பது நாள்தான், பாப்பா."